தேய்பிறைத் தலைநகர்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தரிசனம் முடிந்ததும் லட்டோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சந்திரகிரிக் கோட்டை. அதற்கும் சென்னைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு.

துருக்கியரின் ஒட்டோமன் பேரரசும் விஜயநகரமும் ஏறக்குறைய சமகாலத்தவை. இரண்டுமே தலைநகரை மாற்றிக்கொண்டே இருந்தன. ஒட்டோமன்கள் புர்சா, எதிர்னே, 1453க்குப் பின் இஸ்தான்புல் என்று நகர்ந்தது ஜெயித்ததால். ராயர்கள் நகர்ந்தது தோற்றதால். 1565 தலைக்கோட்டைப் போரோடு ஹம்பி பாழானது. பெனுகொண்டாவுக்கு ஒதுங்கினார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் வேங்கடபதி ராயர் சந்திரகிரிக்கு வந்தார். பிறகு வேலூர்.

தேய்பிறைதான். ஆனாலும் வெளிச்சம் இருந்தது. வைணவரான வேங்கடபதி, 1598இல் வந்த ஏசு சபைப் பாதிரிகளை மரியாதையுடன் வரவேற்றார். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ராஜமகாலைப் பாருங்கள். கல், செங்கல், சுண்ணாம்புக் காரையாலான மூன்று அடுக்கு மாளிகை. வளைவுகள் சுல்தான்களின் பாணி; உச்சியில் கோயில் விமானத்தின் சாயல். போர்க்களத்தில் எதிரியானவர்களின் கலையை வீட்டுக்குள் அனுமதிக்க ராயர்கள் தயங்கவில்லை.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, கோட்டை கட்டக் கடற்கரை நிலத்தைப் பெற்றது தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம். நாயக்கர், சந்திரகிரி ராயருக்குக் கட்டுப்பட்டவர். அவருடைய தந்தை சென்னப்பரின் பெயரால் வந்ததே சென்னப்பட்டினம். 1646இல் சந்திரகிரி கோல்கொண்டா வசமானது. கொடுத்தவர்கள் மறைந்தார்கள், வாங்கியவர்கள் நாட்டையே ஆண்டார்கள்.

1911 வரை வட ஆற்காடு, பிறகு சித்தூர், 2022 முதல் திருப்பதி என்று சந்திரகிரியின் மாவட்டம் மாறியபடி இருக்கிறது. 1953இல் ஆந்திரம் பிரிந்த காலத்தில் அங்கே ‘மதராஸ் மனதே’ என்று கோஷம். இங்கே வேங்கடத்தை விடமாட்டோம் என்று ம.பொ.சி.யின் போராட்டம். கோடு கிழித்தாயிற்று. நிலத்தைப் பாகம் பிரித்தது சரி, ஞாபகத்தையும் சேர்த்தா பிரிக்க வேண்டும்? சென்னையின் பிறப்பைப் பேசும்போது நாம் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தே தொடங்குகிறோம்; அதற்கு இடம் தந்த அரசைச் சேர்ப்பதில்லை.

திருமலைக் கோயில் நுழைவாயில் அருகே வேங்கடபதி ராயரின் சிலை கைகூப்பி நிற்கிறது. அடுத்த முறை வரிசையில் நெருக்குண்டு போகும்போது, அந்தப் பக்கம் ஒரு நொடி திரும்பிப் பார்க்கலாம்.