வழி தெரிந்தவர்களின் சாலை

கனடாவின் டாசன் நகருக்குக் கிழக்கே தொடங்கி, வடதுருவ வட்டத்தைக் கடந்து இனுவிக் வரை ஓடுகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. சுமார் 740 கி.மீ., பெரும்பாலும் சரளை. முதல் பெட்ரோல் பங்க் ஏறத்தாழ பாதி வழியில், ஈகிள் பிளெயின்ஸில். பீல், மெக்கென்சி ஆறுகளைக் கோடையில் படகிலும் குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலும் கடக்க வேண்டும். ஆறு உறையும்போதும் உடையும்போதும் பயணமே இல்லை.

அரசு இதைப் போட்டது எண்ணெய்க்காக. 1959இல் தொடங்கிய வேலை பணமின்றி நின்றது. 1968இல் அலாஸ்காவில் எண்ணெய் கிடைத்ததும் மீண்டும் சூடு பிடித்தது. ஆனால் 1979இல் சாலை திறந்தபோது, பழங்குடியினரின் நிலவுரிமையை முன்வைத்து மெக்கென்சி பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய்த் திட்டத்தைப் பத்தாண்டு தள்ளிவைக்கச் சொன்ன பெர்ஜர் அறிக்கை வந்து இரண்டு ஆண்டாகியிருந்தது.

சாலையின் பெயருக்குப் பின்னே ஒரு சாவுக்கதை. 1910 டிசம்பரில் போர்ட் மெக்பெர்சனிலிருந்து மூவரையும் நாய்வண்டிகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிய போலீஸ் இன்ஸ்பெக்டர் பிட்ஸ்ஜெரால்டு, சீக்கிரம் டாசன் சேர்ந்துவிடலாம் என்று உணவைக் குறைத்தே எடுத்தார். வழியில் அமர்த்திய குவிச்சின் பழங்குடி வழிகாட்டியையும் பாதியில் அனுப்பிவிட்டார். திரும்ப வேண்டிய ஓடை பிடிபடவில்லை. நாய்களையே தின்னும் நிலை வந்தது, நால்வரும் மாண்டார்கள். தேடிப்போன கார்ப்பரல் டெம்ப்ஸ்டர் 1911 மார்ச்சில் உடல்களைக் கண்டெடுத்தார். அவரோடு சார்லி ஸ்டூவர்ட் என்ற குவிச்சின் வழிகாட்டி இருந்தார். பெயர்ப்பலகை டெம்ப்ஸ்டருக்குத்தான் கிடைத்தது.

சாலை போட வந்தவர்களுக்காவது கேட்கத் தெரிந்தது. டாசன் பகுதிப் பழங்குடிப் பெரியவர் ஜோ ஹென்றி தடம் காட்ட, புல்டோசர்கள் பின்னால் வந்தன. கீழே ஆண்டு முழுதும் உறைந்த மண். மேலிருக்கும் பாசிப்படலத்தைச் சுரண்டினால் கோடையில் சேறாகிவிடும். ஆகவே தோண்டாமல், ஒரு மீட்டருக்கும் மேல் சரளையைக் குவித்து, மண்ணைக் குளிரிலேயே வைத்துச் சாலையைத் தூக்கினார்கள். கஞ்சத்தனம் காட்டிய இடங்கள் பின்னர் பள்ளமாயின.

2017இல் இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக் வரை நீண்ட புதிய சாலையும் இப்படித்தான் எழுந்தது. உறைபனிக் காலத்திலேயே பெரும்பாலான மண்வேலை நடந்தது. சாலை மேட்டுக்குள் வெப்ப அளவிகளைப் பதித்திருக்கிறார்கள். ஆனால் டெம்ப்ஸ்டர் சாலை கடக்கும் பீல் பீடபூமியில் உறைமண் உருகிச் சரிவுகளே சேறாக வழிகின்றன. ஜோ ஹென்றி தடம் காட்டிய நாளில் கெட்டியாக இருந்த நிலம் அல்ல இது. சாலையை எங்கே நகர்த்துவது என்ற பேச்சு வரும்போது அளவிகளின் எண்கள் மேசைக்கு வரும். இந்தச் சரிவுகளில் கரிபூ வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி போடுவார்களா என்பதுதான் என் சந்தேகம்.