எண்ணும் பொறி

பொறிகளைப் பற்றிய கதையில் இலக்கியச் சுவை ஏது என்பர் சிலர். சீவக சிந்தாமணியில் விசயையை ஏந்திப் பறந்த மயிற்பொறியை அவர்கள் மறந்தனர் போலும்! அப்பொறி பறந்ததேயன்றி, எண்ணவில்லை. எண்ணும் பொறியைத் தமிழ்ப் புதினத்தில் உலவவிட்டவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா' மீண்டும் படிக்கத்தக்கது.

கதை நிகழும் 2021ஆம் ஆண்டு இன்று கடந்துவிட்டது. கற்பனையில் எவை பலித்தன என ஆராய்வது சிறு பயனே. பெரும்பயன் வேறு.

ஜீவா என்னும் தலைவனுக்கு நாட்டு மக்கள் மறுவினாவின்றிப் பணிகின்றனர். குழந்தை பெறவும் அரசின் இசைவை வேண்டி நிற்கின்றனர். அத்தலைவனோ ஒளியால் ஆகிய பொய்யுருவம்! கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாகும் ஜீனோ என்னும் இயந்திர நாயோ நூல்களைக் கற்கிறது; ஐயுறுகிறது; வினவுகிறது. மக்கள் இழந்த பண்பு பொறியிடம் வளர்கிறது.

மாணவர்களே! இன்று எவ்வினாவுக்கும் பொறிகள் நொடியில் விடை தருகின்றன. பயன்கொள்ளுங்கள், தவறன்று. ஆயின், கிடைத்த விடையை ஆராயாது ஏற்பவர் ஜீவாவின் குடிகளே ஆவர். வினவும் உரிமையை எவரிடமும், எப்பொறியிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.