பொம்மை விமானத்தின் பாட்டரியை ஒளிக்க வைக்காதீர்கள்

பொம்மை விமானம் பறக்கவிடுவது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று சொன்ன காலம் போய்விட்டது. பெங்களூரில் நம்மவர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கங்களிலும் இன்று அந்த ஆசை பிடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தெர்மாகோல் மாதிரி லேசான பலகையை வெட்டி இறக்கை செய்கிறார்கள். மோட்டாரையும் ரேடியோவையும் எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்குகிறார்கள். என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்த மாணவனுக்கு மாதிரி விமானம் செய்வது பயிற்சியிலேயே ஒரு பகுதி. இன்ஜினீயரிங் கல்லூரிகளில் இதற்கென்றே போட்டிகள் நடக்கின்றன. 1940 முதல் விமானத் தொழிற்சாலை இருக்கும் ஊரில் பிள்ளைகளின் கண் ஆகாயத்தின் மேல் போவதில் ஆச்சரியம் என்ன?

அந்த ஆசையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அந்த விமானத்தின் பாட்டரி நம் வீடுகளிலும் ரூம்களிலும் படும் பாட்டைப் பற்றியது. பெற்றோர் பயப்படுகிறார்கள். வீட்டுக்காரர், "இந்தச் சனியனை என் வீட்டில் சார்ஜ் போடக்கூடாது" என்கிறார். மெஸ் நடத்துகிறவர் பார்த்த மாத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். பையன் என்ன செய்கிறான்? எல்லாரும் தூங்கிய பிறகு கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், போர்வை மறைவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தானும் தூங்கிவிடுகிறான். தடை போட்டவர்கள் அபாயத்தைத் தடுக்கவில்லை. அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் மிகவும் பெரிதாகுமோ, அங்கேயே அதைத் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி.

பயம் வீண்பயம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மார்ச் மாதம் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனாரும் அவருடைய மகளும் புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஓர் ஓட்டலின் அடியில் இருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கடையில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி எட்டுப் பேர் மாண்டார்கள். 2013 ஜனவரியில் போயிங் 787 ரக விமானங்களை உலகம் பூராவும் தரையில் நிறுத்தி வைத்தார்களே, அதற்குக் காரணமும் உள்ளே இருந்த லித்தியம் பாட்டரிதான். நிஜ விமானத்துக்கே அந்தக் கதி. பொம்மை விமானத்தின் பாட்டரி உள்ளங்கை அளவுதான் என்றாலும் இனம் ஒன்றே.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த ரயில்வே குமாஸ்தா. விஞ்ஞானம் பேச உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் தெரியவேண்டிய கணக்கு கூட்டலும் பெருக்கலும்தான்.

டார்ச் லைட்டில் மூன்று செல் போடுகிறோம் அல்லவா? அதைப் போலவே இந்தப் பாட்டரியிலும் பெரும்பாலும் மூன்று செல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் என்று கணக்கு, மூன்றுக்கு 11.1. முழுதாகச் சார்ஜ் ஏறும்போது ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு வரும், மூன்றும் சேர்ந்தால் 12.6. அதற்கு மேல் ஏற்றினால் செல்லுக்குள் இருக்கும் திரவம் கெட்டு வாயுவாகிறது. பாட்டரி பூரி மாதிரி உப்புகிறது. உள்ளே சூடு ஏறுகிறது. ஓர் அளவுக்கு மேல் அந்தச் சூடே இன்னும் சூட்டை உண்டாக்கும், பிறகு பிளக்கைப் பிடுங்கியும் பிரயோஜனம் இல்லை. அந்தத் திரவம் பெட்ரோல் மாதிரி எரியக்கூடியது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவில் ஒரு பகுதியைப் பாட்டரியே கொடுத்துக்கொள்ளும். ஆகவே கம்பளியைப் போட்டு மூடி அணைத்துவிடலாம் என்பதும் நடக்காது.

"செல்போனிலும் இதே லித்தியம்தானே, ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடக்கிறதே?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. செல்போனுக்குள் ஒரு காவல்காரன் உண்டு. நிரம்பியதும் மின்சாரத்தை வெட்டிவிடும் சிறிய சர்க்யூட் அது. விமானப் பாட்டரியில் பொதுவாக அந்தக் காவல்காரனை வைப்பதில்லை. மோட்டார் ஒரே மூச்சில் இழுக்கும் மின்சாரத்துக்கு அவன் தடையாக இருப்பான், எடையும் கூடும். ஆகவே காவல் வேலை முழுவதும் வெளியே இருக்கும் சார்ஜரின் தலையிலும், பக்கத்தில் விழித்திருக்கும் மனிதன் தலையிலும் விழுகிறது. அந்த மனிதனைத்தான் நாம் தூங்க அனுப்பிவிடுகிறோம்.

பாட்டரியில் இரண்டு ஒயர் இருக்கும். தடித்தது ஒன்று, வெள்ளை முனை வைத்த மெல்லியது ஒன்று. பல பையன்கள் தடித்ததை மட்டும் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். மெல்லிய ஒயர்தான் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியே சார்ஜருக்குச் சொல்வது. அது இல்லாவிட்டால் மொத்தம் 12.6 என்று காட்டும். உள்ளே ஒன்று 4.0, இன்னொன்று 4.4 என்று இருந்தாலும் வெளியே தெரியாது. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், மொத்தத் தொகை சரியாக இருக்கிறது, ரசீதுகளைத்தான் யாரும் பார்க்கவில்லை.

சென்ற வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போலீஸ் கேஸ் ஆகாததால் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. தகப்பனார் கோலார் தங்கவயல்காரர். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரிலிருந்து தினசரி ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். மகன் இங்கே கல்லூரியில் படிக்கிறான். மூன்று தொழிலாளர்களோடு ஒரே ரூமில் வாசம். ரூமுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். வீட்டுக்காரர் சார்ஜ் போடக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல் கட்டிலுக்கு அடியில் பாட்டரியை வைத்தான். சார்ஜரோ பழைய நிக்கல் பாட்டரிக்கு உரியது. கடைக்காரர், "எல்லாத்துக்கும் ஒத்துவரும், தம்பி" என்று சொல்லிக் கொடுத்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த ரூம்காரர் கதவைத் திறந்தபோது உள்ளே புகை. மெத்தை போயிற்று, பையன் உள்ளங்கை வெந்தது, உயிர்கள் தப்பின. மறுநாள் நாலு பேரையும் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தகப்பனார் வந்து விமானத்தைக் காலால் மிதித்து உடைத்தார். அவர் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் விசாரித்துக்கொண்டு போன நான், "அந்த சார்ஜர் எங்கே?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சாமான்களோடு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். இன்று எந்த ரூமில் எந்தப் பிளக்கில் இருக்கிறதோ!

இதில் ரயில்வேயின் வழக்கம் ஒன்றைக் கவனிக்கலாம். 2013 டிசம்பர் 28-ந் தேதி பெங்களூரிலிருந்து நாந்தேட் போன எக்ஸ்பிரசின் ஏ.சி. பெட்டியில் தீப்பிடித்து 26 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜ் போடும் பிளக்குகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற யோசனை வந்தது. 2021 மார்ச்சில் அதைக் கண்டிப்பாக அமல் நடத்தத் தொடங்கினார்கள். பயணிகள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். எங்கள் ஊழியர்களோடு சண்டைக்கும் வருகிறார்கள். ஆனால் உத்தரவு சொல்வது என்ன? சார்ஜே போடாதே என்றா? இல்லை. விழித்திருக்கும்போது போட்டுக்கொள், எல்லாரும் தூங்கும் நேரத்தில் வேண்டாம் என்கிறது. வீட்டுக்காரர்கள் இந்த உத்தரவைக் காப்பியடித்தால் போதும்.

பார்சல் ஆபீசில் மோட்டார் சைக்கிளைப் புக் செய்ய வருகிறவரிடம் முதலில் டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்போம். வடித்துவிட்டு வந்தால்தான் ஏற்றுவோம். யாரும் தகராறு செய்வதில்லை, பெட்ரோல் வாசனை எல்லாருக்கும் தெரியும். இந்தப் பாட்டரிக்கு வாசனை இல்லை. (கெட்டுப்போய்க் கசியும்போது மட்டும் நகப்பூச்சு மாதிரி ஒரு தித்திப்பு வாடை வரும், அது வந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.) முழு சார்ஜோடு பீரோவில் வாரக்கணக்கில் கிடக்கும் பாட்டரியும் நிரம்பிய டாங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பறக்கவிடாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருப்பதே சரி. நல்ல சார்ஜர்களில் அதற்குத் தனியாக ஒரு முறையே இருக்கிறது.

"ராத்திரிதானே பையனுக்கு நேரம் கிடைக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்குப் பார்ப்போம். சாதாரணமாக உபயோகிக்கும் பாட்டரி 2200 மில்லி ஆம்பியர் அவர். அதை 2.2 ஆம்பியரில் ஏற்றினால் சுமார் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். ஒரு பாட்டரியில் விமானம் எட்டுப் பத்து நிமிஷம் பறக்கும். பையனிடம் மூன்று பாட்டரி இருந்தால் மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், காற்று அடங்கியிருக்கும்போது பறக்கவிடப் போகிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு மூன்றும் முடிந்துவிடும். சாப்பாட்டு நேரம் வரை பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கட்டுமே! நடுராத்திரிக்கு இதில் வேலையே இல்லை. நடுராத்திரியை உண்டாக்கியது தடைதான்.

இடம் என்ன பெரிய இடம்? மாடிப்படித் திருப்பத்தில், மொட்டை மாடி வாசலில், மழை படாத ஒரு மூலை. தரை சிமெண்டாகவோ கல்லாகவோ இருக்கவேண்டும். ஆட்கள் வெளியேறும் வழியை மறிக்கக்கூடாது. பூச்செடி வைக்கும் மண் தொட்டியில் கொஞ்சம் மணலைப் போட்டு அதில் பாட்டரியை வைத்து, சார்ஜரைத் தள்ளி வைத்தால், ரூபாய் அதிகம் ஆகாத ஏற்பாடு. இறுக மூடிய தகர டப்பாவில் வைக்கக்கூடாது. வாயு போக வழியில்லாமல் வெடிக்கும். ஸ்டேஷனில் சிவப்பு வாளியில் மணல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் ஒரு வாளி மணல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். புகை கிளம்பிவிட்டால் பாட்டரியைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடும் வீரத்தனம் வேண்டாம். மெயினை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிட்டு ஆட்களை வெளியே கொண்டுபோக வேண்டும். அந்தப் புகை விஷம்.

பறந்து வந்த சூடு ஆறாமல் சார்ஜ் போடுவதும், கீழே விழுந்து நசுங்கிய பாட்டரியை "இன்னும் ஓடுகிறதே" என்று வைத்திருப்பதும் பையன்களிடம் நான் பார்க்கும் கெட்ட பழக்கங்கள். உப்பினதையும் நசுங்கினதையும் குப்பைத் தொட்டியில் எறிவது அதைவிட மோசம். குப்பை பொறுக்குகிறவரும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்தான். 2022-ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகள்படி அதைச் சேகரிக்க வேண்டிய பொறுப்பு விற்பனைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு உண்டு. வாங்கிய கடைக்காரரிடம் கேளுங்கள். முதல் நாள் சிரிப்பார்; பத்துப் பேர் கேட்டால் சிரிக்க மாட்டார்.

கடைக்காரர்களிடம் இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் இங்கிலீஷும் சீனமும் இருக்கின்றன. எங்கள் பையன்களுக்கு இங்கிலீஷ் ஒருவாறு வரும். அவனோடு ரூமில் படுத்திருக்கும் கொத்தனாருக்கும் டெலிவரி செய்கிறவருக்கும் வருமா? "இதை ராத்திரி சார்ஜ் போடாதே, இன்ன சார்ஜர் தவிர வேறு எதுவும் கூடாது" என்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு வரி அச்சடித்த சீட்டு ஒட்ட எவ்வளவு செலவாகும்?

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரேயடியாக வேண்டாம் என்றால் தீர்ந்ததே என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானம் போனாலும் லித்தியம் உங்கள் ரூமைவிட்டுப் போகாது. பவர் பாங்க், வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் என்று அது ஏற்கெனவே உள்ளே வந்து குடியிருக்கிறது. அதன் குணம் தெரிந்த ஒருவன் ரூமில் இருப்பது நல்லதா, இல்லாதது நல்லதா?

வீட்டுக்காரர்கள் கடைசியில் கரண்ட் பில்லைக் காட்டுவார்கள். அதையும் பார்த்துவிடுவோம். 11.1 வோல்ட், 2.2 ஆம்பியர் அவர்; பெருக்கினால் சுமார் 24 வாட் அவர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து முப்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்துமூன்று தடவை சார்ஜ் போட்டால்தான் ஒரு யூனிட் ஆகும். வாரத்துக்கு மூன்று பாட்டரி வீதம் பார்த்தால் இரண்டரை மாதத்துக்கு ஒரு யூனிட். அந்தப் பணத்தைப் பையனிடமே வசூல் செய்துகொள்ளலாம்.