பயிற்சிக்கு வரும் மாணவர் கூலியாள் அல்லர்

மேல்நிலைப் பள்ளியில் வேளாண் அறிவியல் தொழிற்பிரிவு படிக்கும் மாணவர்களை உங்கள் பண்ணையில் உள்ளுறைப் பயிற்சிக்குச் சேர்க்கப் போகிறீர்களா? ஆள் கிடைக்காத நேரத்தில், வந்த பிள்ளைகளை நாள் முழுக்கக் களையெடுக்க விடத் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016-ல் திருத்தப்பட்டு, 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களின் வேலைக்கும் வரம்பு வைத்துள்ளது. பண்ணையும் இதில் அடங்கும்.

* தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பிறகு குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு.
* ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான்.
* இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது.
* வாரம் ஒரு நாள் விடுமுறை.

ஆகவே, விடியற்காலைப் பால் கறவைக்கோ, இரவில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சவோ அவர்களை அழைக்காதீர்கள். பூச்சிமருந்து தெளிப்பையும் கதிரடிப்பையும் தள்ளி நின்று பார்க்கட்டும். டிராக்டரைச் சாலையில் ஓட்டக் கொடுத்து அவர்கள் பிடிபட்டால், உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

மண் மாதிரி எடுப்பது, உயிர் உரத்தில் விதைநேர்த்தி செய்வது, வரவு செலவு எழுதுவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள். முதல் நாளே வயதுச் சான்றின் நகலையும் நேர அட்டவணையையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். நாளைக்கு உங்கள் ஊரில் விவசாயம் செய்யப் போகிறவர்கள் இவர்கள்தான். வயலை வெறுத்துத் திரும்பிப் போகக் கூடாது.