தேடி வந்தவர்களின் ஆண்டுக் கணக்கு

கடைக்கென்று ஓர் இணையத்தளத்தைத் திறந்து ஒரு வருடத்தைப் பூர்த்தி செய்த எமது வர்த்தகர்கள் சிலர், அண்மைக் காலமாக ஓர் எண்ணைப் பெருமையுடன் சொல்லி வருகின்றனர். "இந்த வருடம் எங்கள் தளத்துக்கு இத்தனை ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள்" என்பதே அந்தப் பேச்சு. அந்த எண்ணை நம்பி இரண்டாவது கிளைக்குக் கீமணி பேசுபவர்களும் இருக்கிறார்கள். எண் சிறியதாக இருக்கிறதே என்று மனமுடைந்து, தளத்தையே மூடிவிட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினருமே அவசரப்படுகிறார்கள் என்பது எனது கருத்து. வருட இறுதியில் நாம் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு வேறொன்று. எம்மை முன்பின் அறியாத ஒருவர் எந்தப் பொருளைத் தேடி வந்தார், அவருக்கு எம்மிடம் பதில் இருந்ததா என்பதே அந்தக் கணக்கு.

தெருவே வழிகாட்டிய காலம்

இது எமக்குப் புதிய விடயமல்ல. கொழும்பு புறக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்க நகை வேண்டுமென்றால் செட்டியார் தெரு, மின்சார, இலத்திரனியல் பொருட்கள் வேண்டுமென்றால் முதலாம் குறுக்குத் தெரு, ஹார்ட்வெயார் சாமான்கள் வேண்டுமென்றால் பழைய சோனகத் தெரு என்று நாடு முழுவதிலும் உள்ளவர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குபவருக்குக் கடையின் பெயர் தெரிய வேண்டியதில்லை. தெருவின் பெயர் தெரிந்தால் போதும். தெருவுக்குள் நுழைந்தவர் எல்லாக் கடைகளையும் தாண்டித்தான் போக வேண்டும். கல்லாவில் இருக்கும் முதலாளி வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே, வாங்க வந்தவரா, விலை கேட்க வந்தவரா, வழி கேட்க வந்தவரா என்று சொல்லிவிடுவார்.

இன்று அந்தத் தெருவின் வேலையில் ஒரு பகுதியைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. பொருளின் பெயரையும் ஊரின் பெயரையும் கூகுளில் எழுதித் தேடிவிட்டுத்தான் பலர் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். வாசலில் நிற்பவரின் முகம் இப்போது எமக்குத் தெரிவதில்லை. அவர் விட்டுச் சென்ற தடம் மட்டுமே இருக்கிறது. அந்தத் தடத்தை வாசிக்கப் பழகுவது, முகம் பார்த்து வியாபாரம் செய்த எமது முன்னோரின் திறமையின் தொடர்ச்சியே தவிர வேறில்லை.

பெரிய எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள்?

ஒரு பேச்சுக்கு, வருடத்தில் 12,000 வருகைகள் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் 33. இதில் கடை ஊழியர்களும் தளத்தை அமைத்துக் கொடுத்தவரும் முதலாளியின் பிள்ளைகளும் திறந்து பார்த்த தடவைகள் அடங்கும். அவற்றைக் கழிக்கும்படி ஏற்பாடு செய்யாவிட்டால் கணிப்பொறி அவற்றையும் சேர்த்தே எண்ணும். ஒரே ஆள் கடையில் கணினியிலும் வீட்டில் கைத்தொலைபேசியிலும் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு ஆட்களாகவே பதிவாவார். முகநூலில் பணம் கட்டி விளம்பரம் போட்ட வாரத்தில் திரண்டு வந்து சில விநாடிகளில் திரும்பிப் போனவர்களும் அதற்குள் இருப்பார்கள்.

மிஞ்சியவர்களில் 4,000 பேர் தேடல் மூலம் வந்தவர்கள் என்போம். அவர்களில் 3,000 பேர் கடையின் பெயரையே எழுதித் தேடியிருந்தால், அவர்கள் ஏற்கெனவே எம்மை அறிந்தவர்கள். தொலைபேசி இலக்கத்தையோ திறக்கும் நேரத்தையோ பார்க்க வந்திருப்பார்கள். எஞ்சிய 1,000 பேர்தான் எமது பெயரைத் தெரியாமல், தமது தேவையை மட்டும் எழுதித் தேடி எம்மிடம் வந்து சேர்ந்தவர்கள். புதிய வாடிக்கையாளர் என்று சொல்லத் தகுந்தவர்கள் இந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

இவர்களில் 50 பேர் பொருள் வாங்கியிருந்தால், தளத்துக்கும் அதன் பராமரிப்புக்கும் வருடத்தில் செலவான தொகையை 50ஆல் வகுத்துப் பாருங்கள். 60,000 ரூபா செலவென்றால் ஒரு புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவர 1,200 ரூபா போயிருக்கிறது. தளபாடம் விற்பவருக்கு இது மலிவு. பேனை, பென்சில் விற்பவருக்கு இது நட்டம், அவர் திரும்பத் திரும்ப வந்தாலன்றி. 12,000 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு எவராலும் வர முடியாது.

எந்தச் சொல்லை எழுதித் தேடினார்கள்?

இதைத் தெரிந்துகொள்ளக் கட்டணம் எதுவும் இல்லை. தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற சேவை இலவசமாகக் கிடைக்கிறது. என்ன சொற்களைத் தேடியபோது எமது தளம் காட்டப்பட்டது, எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் அதை அழுத்தி உள்ளே வந்தார்கள் என்பதை அது சொல்லும். தளம் இல்லாதவர்களும் கூகுள் வரைபடத்தில் தமது கடையை இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். அங்கிருந்து எத்தனை பேர் அழைப்பு எடுத்தார்கள், எத்தனை பேர் கடைக்கு வழி கேட்டார்கள் என்ற விபரம் கிடைக்கும். சிறு கடைக்காரருக்கு என்னுடைய சிபாரிசு, முதலில் இந்த வரைபடப் பதிவைச் சரியாகச் செய்யுங்கள் என்பதே. ஜும்ஆவுக்காகக் கடை மூடும் நேரத்தைக்கூட அதில் குறித்து வைக்கலாம். வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடியும் வருவார் என்பது நிச்சயமில்லை.

அந்தச் சொற்பட்டியலை இருப்புக் கணக்கெடுக்கும் கண்ணோடு வாசிக்க வேண்டும். பல தடவை காட்டப்பட்டும் எவரும் உள்ளே வரவில்லையென்றால், பெயர்ப்பலகை தெரிகிறது, அதில் எழுதியிருப்பது ஈர்க்கவில்லை என்று பொருள். உள்ளே வந்தும் அழைப்பு எடுக்கவில்லையென்றால், விலையோ அளவோ தொலைபேசி இலக்கமோ அங்கு இல்லாதிருக்கக்கூடும். எம்மிடம் இல்லாத பொருளைத் தேடி ஒரே விதமாகப் பலர் வந்திருந்தால், அடுத்த கொள்வனவில் என்ன எடுக்க வேண்டுமென்று சந்தை எமக்குச் சொல்லித் தருகிறது. முன்பு இதே செய்தியை கவுண்டரில் நிற்கும் பையன் "இதைக் கேட்டு நாலு பேர் வந்தாங்க நாநா" என்று சொல்வான்.

மொழியையும் கவனியுங்கள். இந்நாட்டின் சனத்தொகையில் நாம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர். பலர் சிங்களத்திலும், ஆங்கில எழுத்தில் சிங்களத்தையும் தமிழையும் எழுதியும் தேடுகிறார்கள். எமது தளத்தில் சிங்களத்தில் ஒரு வரியும் இல்லையென்றால், அந்தத் தேடலில் நாம் கடையைத் திறக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

எந்த வருடத்தை எந்த வருடத்துடன் ஒப்பிடுவது?

இங்குதான் எம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஹிஜ்ரி வருடம் சுமார் 354 நாட்களைக் கொண்டது. அதனால் நோன்பும் பெருநாளும் ஒவ்வொரு வருடமும் 10 அல்லது 11 நாட்கள் முன்னே வருகின்றன. எமது வருமான வரி ஆண்டோ ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. 2024ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் வந்தது. அடுத்த நோன்புப் பெருநாள் 2025 மார்ச் 31இல் வந்தது. ஆக, 2024/25 வரி ஆண்டுக்குள் இரண்டு நோன்புப் பெருநாட்கள் அடங்கிவிட்டன. ஆடை, பாதணி, பலகாரம், வாசனைத் திரவியம் விற்பவர்களுக்கு அந்த ஆண்டின் வருகையும் விற்பனையும் வீங்கித்தான் தெரியும். அதைப் பார்த்து வியாபாரம் வளர்ந்துவிட்டது என்று வங்கிக் கடனுக்குக் கையொப்பமிட்டவர், அடுத்த ஆண்டு ஒரே பெருநாளுடன் கடன் தவணையைக் கட்ட வேண்டியிருக்கும்.

மாதத்தை மாதத்துடன் ஒப்பிடுவதிலும் இதே சிக்கல் உண்டு. 2024 ஏப்ரலில் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தை ஒட்டி வந்தன. 2025இல் இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரங்கள் இருந்தன. இந்த இரு ஏப்ரல்களையும் அருகருகே வைத்துப் பார்த்து "பாதியாகக் குறைந்துவிட்டது" என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. நோன்பை நோன்புடனும், துல்ஹஜ்ஜை துல்ஹஜ்ஜுடனும், புத்தாண்டை புத்தாண்டுடனும் ஒப்பிடுவதே முறை. ஸகாத்தைப் பிறைக் கணக்கிலும் வரியை ஆங்கிலக் கணக்கிலும் பார்த்துப் பழகிய எமக்கு இது சிரமமான காரியமல்ல.

தளம் புதியது என்றால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். முதல் சில மாதங்களில் தேடல் மூலம் வருபவர் மிகக் குறைவாகவே இருப்பர். புதிய கடையைச் சந்தை அறிந்துகொள்ளக் காலம் எடுப்பது போலத்தான் இதுவும். ஆகவே முதல் வருடத்தின் மொத்தத்தைப் பார்ப்பதை விட, முதல் மூன்று மாதத்தையும் கடைசி மூன்று மாதத்தையும் வைத்துப் பார்ப்பது நியாயமான அளவுகோல். அதற்கிடையில் பெருநாள் வந்திருந்தால் அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் புத்தகம் எம் கையில் இருக்க வேண்டும்

சேர்ச் கொன்சோல் 16 மாத விபரங்களைத்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தியவை மறைந்துவிடும். கூகுள் அனலிட்டிக்ஸ் சேவையின் பழைய வடிவம் 2023 ஜூலையில் புதிய வருகைகளைப் பதிவதை நிறுத்தியது. ஒரு வருடம் கழித்து அதிலிருந்த பழைய விபரங்களும் அகற்றப்பட்டன. பிரதி எடுத்து வைக்காத பல வியாபாரிகளின் பல வருடக் கணக்கு அத்துடன் போய்விட்டது. அடுத்தவர் வீட்டு அலுமாரியில் எமது ஐந்தொகையை வைப்பதில்லை அல்லவா? வருடத்துக்கு ஒரு தடவையாவது விபரங்களை இறக்கி, அச்செடுத்து, கோவையில் போட்டு வையுங்கள்.

அத்துடன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண கொப்பியையும் வையுங்கள். புதிதாக வருபவரிடமும் அழைப்பு எடுப்பவரிடமும் "எங்களை எப்படி அறிந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி. நண்பர் சொன்னார், கூகுளில் பார்த்தேன், வழியில் கண்டேன் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். கணிப்பொறி வருகையை மட்டுமே சொல்லும், வாங்கினாரா என்பதை இந்தக் கொப்பிதான் சொல்லும்.

எண்ணைப் பெருக்கிக் காட்ட வருகைகளையும் பொய்யான பாராட்டுகளையும் காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வலையில் எமது இளைஞர்கள் விழக் கூடாது. அளவையில் மோசடி செய்பவர்களைக் கண்டித்து 83ஆவது அத்தியாயம் இறங்கியிருக்கும் சமூகம் நாம். வாங்காதவர் எழுதிய பாராட்டும் அளவை மோசடியில் ஒரு வகையே என்பது எனது தாழ்மையான கருத்து. அதனால் ஏமாறுபவர்களில் முதலாமவர், அந்த எண்ணை நம்பி முதலீடு செய்யும் முதலாளியேதான்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன்?

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிந்திய மாதங்களை நாம் மறக்கவில்லை. குளியாப்பிட்டி, மினுவாங்கொடை போன்ற இடங்களில் எமது கடைகள் தாக்கப்பட்டன. ஏனைய இடங்களில் எமது கடைகளுக்குப் போக வேண்டாம் என்ற பிரசாரம் நடந்தது. அப்போது தமது வாடிக்கையாளர் யார், எங்கிருந்து வந்தவர், எதற்காக வந்தவர் என்ற பதிவு வைத்திருந்த கடைகள் எத்தனை? வாசலில் கூட்டம் குறைந்தது தெரிந்தது. யார் குறைந்தார்கள் என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரியாதவரை மீண்டும் அழைக்கவும் வழியில்லை.

தேவையை எழுதித் தேடுபவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பொருளையும் விலையையும் தூரத்தையும்தான். எமது பெயரையும் சமூகத்தையும் பின்னர்தான் அறிகிறார். நேர்மையான விலையும் நல்ல வார்த்தையும் கிடைத்தால் மறுமுறை பெயர் சொல்லியே வருவார். அந்த அந்நியர் ஒருவரைச் சம்பாதிப்பது வியாபாரத்துக்கும் இலாபம், நாட்டில் எமது நற்பெயருக்கும் இலாபம்.

ஆகவே இவ்வருடக் கணக்கைப் பார்க்க அமரும்போது மொத்த எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். தேடி வந்த சொற்களில் முதல் இருபதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தப் பொருள் எம்மிடம் இருக்கிறதா, விலை போட்டிருக்கிறோமா, அழைத்தால் பதில் சொல்ல ஆளிருக்கிறதா என்று குறியுங்கள். அந்தத் தாளில் பதில் இல்லாத இடங்களை நிரப்புவதே அடுத்த வருடத்துக்கான வேலை. கிளை திறப்பதை, இன்ஷா அல்லாஹ், அதன் பிறகு பேசலாம்.