எண்ணுமுன் எண்ணியோர்!

தோழா!

நந்தனத்திலே, அண்ணா சாலை ஓயாது இரையும் அந்தச் சந்திப்பின் அருகே ஒரு தேநீர்க் கடை. கூட்டம் முடித்துத் தொண்டை வறண்டு வந்தவனைச் சென்ற வாரம் நான்கு இளைஞர்கள் அங்கே மறித்துக்கொண்டார்கள். நம்மவர்கள்தாம், கொடி கட்டிய கைகள், சுவரொட்டி ஒட்டிய விரல்கள்! கேட்டது என்ன தெரியுமோ? "அண்ணே, யார் ஜெயிப்பாங்க? சொல்லுங்க!"

எந்தத் தேர்தல் என்று நான் கேட்கவில்லை. எந்தத் தேர்தலாய் இருந்தால் என்ன? கடைசி நாள்களிலே இந்தக் கேள்வி எழாத தெருவும் இல்லை, இதற்கு விடை சொல்லாத திண்ணையும் இல்லை. ஆனால் தோழா, சீட்டெடுக்கும் கிளி என்னிடம் இல்லை, சோழியும் இல்லை. நாடகம் எழுதுகிறவன் நான். என் நாடகத்தின் கடைசிக் காட்சி எனக்குத் தெரியும், ஏனெனில் அதை எழுதுகிறவன் நான் ஒருவனே. அரசியல் நாடகத்திலோ கடைசிக் காட்சியை எழுதுவோர் ஆயிரம் ஆயிரம் பேர். அதையும் திரை மறைவில், சீட்டை மடித்து எழுதுகிறார்கள்!

ஆகவே அந்த இளைஞர்களுக்கு ஆருடம் சொல்லவில்லை. கதை ஒன்று சொன்னேன், நடந்த கதை. அதையே உனக்கும் சொல்கிறேன்.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் 1952 முதல் 2022 வரை 16 முறை நடந்தது. 1977இல் போட்டியே இல்லை. மற்றவற்றில் பெரும்பாலும், பெயர் அறிவித்த அன்றே முடிவும் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு முறைதான் நாடு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. ஒரே ஒரு முறைதான் முதல் எண்ணிக்கையில் எவரும் வெல்லாமல், இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ண நேர்ந்தது. அதுதான் 1969, ஆகஸ்டு!

நந்தனத்திலே நின்று பார், தோழா! நடந்தே போய்விடக்கூடிய தொலைவிலே திருமலைப் பிள்ளை சாலை. அங்கே வாழ்ந்தவர் காமராசர். இன்னும் சற்று நடந்தால் பசுல்லா சாலை. அங்கே வாழ்ந்தவர் இராசாசி. மறுபுறம் கோபாலபுரம், அங்கே, அண்ணாவை இழந்த கண்ணீர் காயுமுன் முதலமைச்சர் பொறுப்பேற்ற கலைஞர். மூன்று வீடுகள், மூன்று வழிகள்! காமராசர் காங்கிரசு வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியின் பக்கம். இராசாசி கண்ட சுதந்திராக் கட்சி, ஜனசங்கத்தோடு சேர்ந்து, முன்னாள் நிதியமைச்சர் தேஷ்முக்கின் பக்கம். கழகம், சுயேச்சையாய் நின்ற வி.வி. கிரியின் பக்கம். 1967இல் கழகமும் சுதந்திராவும் கைகோத்துக் காங்கிரசை வீழ்த்தின. இரண்டே ஆண்டுகளில் கோத்த கைகள் வேறு வேறு பெட்டியை நாடின!

காட்சி ஒன்று. 1969 மே 3. குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். துணைத் தலைவர் கிரி, தற்காலிகப் பொறுப்பேற்றார்.

காட்சி இரண்டு. சூலை, பெங்களூர். காங்கிரசின் மூத்தவர்கள் கூடி, பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரின் விருப்பத்திற்கு மாறாகச் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தனர். அம்மையார் அந்த வேட்பு மனுவிலே கையெழுத்தும் இட்டார். கை எழுதியது, மனம் எழுதவில்லை!

காட்சி மூன்று. மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. சூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அந்த அவசரச் சட்டத்திற்கு ஒப்பம் இட்டவர் கிரி. மறுநாளே பதவி துறந்து களத்தில் இறங்கியவரும் கிரி! தொழிற்சங்கத்திலே வளர்ந்த அவர், 1954இல் வங்கி ஊழியர் தீர்ப்பு தொடர்பாக மத்திய அமைச்சர் பதவியையே உதறியவர். தலைவர் இல்லை, துணைத் தலைவரும் இல்லை; தலைமை நீதிபதி இதாயத்துல்லா நாட்டின் தற்காலிகத் தலைவரானார். நிலவிலே மனிதன் காலடி வைத்த அதே வாரம், தோழா! மண்ணிலே, யார் காலடியில் மண் சரியும் என்று எவருக்கும் தெரியவில்லை!

காட்சி நான்கு. கடைசி நாள்கள். காங்கிரசுத் தலைவர் நிஜலிங்கப்பா, ஜனசங்கத் தலைவர்களையும் சுதந்திராத் தலைவர்களையும் சந்தித்து, இரண்டாம் விருப்ப வாக்கை ரெட்டிக்குத் தருமாறு கேட்டார். அம்மையாரின் அணி அதையே ஆயுதமாக்கியது: "மதவாதிகளோடும் பணமூட்டைகளோடும் உறவா? இனிக் கட்டளை இல்லை, மனச்சான்றின்படி வாக்களியுங்கள்!" என்பது அதன் முழக்கத்தின் சாரம். 15 பேர் களத்தில், மூவரே கணக்கில். ஆகஸ்டு 16இல் வாக்களிப்பு; 20ஆம் நாள் எண்ணிக்கை. இடையே நான்கு இரவுகள்!

அந்த நாள்களில், எண்ணுமுன் எண்ணியோர் எத்தனை பேர்! அவர்களின் எண்ணத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஏட்டுக் கணக்கர். அவர் வாதம் எளிது. "1967இல் ஜாகிர் உசேன் பெற்றது 4,71,244 வாக்கு, எதிர்த்த சுப்பாராவ் பெற்றது 3,63,971. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வங்கத்திலும் பஞ்சாபிலும் இடைக்காலத் தேர்தல் நடந்து கணக்குச் சற்றே மாறியிருக்கலாம். ஆனாலும் காங்கிரசு பெரிய கட்சி, ரெட்டி அதன் வேட்பாளர். குறைந்தால் தேஷ்முக்கின் இரண்டாம் விருப்பம் கைகொடுக்கும். வெற்றி உறுதி!" கூட்டல் பிழையே இல்லாத கணக்கு! ஆனால் கட்சியைக் கூட்டினார், மனிதரைக் கூட்டவில்லை.

இரண்டாம் வகை, அலைக் கணக்கர். வங்கிகள் நாட்டுடைமை ஆனதும் தெருவெங்கும் எழுந்த ஆரவாரத்தைக் கண்டவர். "மக்கள் கிரியின் பக்கம், ஆகவே வெற்றி கிரிக்கே" என்றார். அவர் மறந்தது என்ன? வாக்களிப்பவர் தெருவில் ஆரவாரித்தவர் அல்லர். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள். அலை அவர்கள் வாசற்படியைத் தொடும். வாக்குச் சீட்டைத் தொடுமா என்பது வேறு கேள்வி.

மூன்றாம் வகை, வதந்திக் கணக்கர். "அவர் விருந்துக்குப் போனார், இவர் வணக்கம் சொல்லவில்லை" என்று மூக்கசைவையும் முகவாட்டத்தையும் வைத்து முடிவு சொல்பவர். இவருக்கு விடை சொல்ல வேண்டியதில்லை. இவர் எல்லாக் காலத்திலும் உண்டு; எல்லாத் தேநீர்க் கடையிலும் உண்டு!

ஆகஸ்டு 20 வந்தது. பெட்டி திறந்தது. கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. தேஷ்முக் 1,12,769. வெல்லத் தேவையோ 4,18,169! கிரி முன்னே நின்றார், ஆனால் 16,654 வாக்குக் குறைந்து நின்றார். பிறகு தொடங்கியது இரண்டாம் விருப்ப எண்ணிக்கை. தேஷ்முக்கிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் பெயர்ந்து வந்த வாக்கில், ரெட்டிக்கு 91,879, கிரிக்கு 18,562. ஆறில் ஐந்து பங்கு ரெட்டிக்கு! நிஜலிங்கப்பா போட்ட கணக்கு பொய்க்கவில்லை, தோழா! ஏட்டுக் கணக்கர் அந்தப் பாதியில் சரியாகவே சொன்னார். பொய்த்தது அவருடைய சொந்த வீட்டுக் கணக்கு. கடன் வாங்கிய காசு கைக்கு வந்தது. பெட்டியிலே இருந்த காசு காணாமற்போயிற்று!

முடிவு? கிரி 4,20,077. ரெட்டி 4,05,427. வேறுபாடு 14,650.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். கணக்கிலே புலி அல்லன். ஆனாலும் இதைப் போட்டுப் பார்த்தேன், நீயும் போட்டுப் பார். அந்நாளில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 576. பதின்மூன்று பேர் கிரியை விட்டு ரெட்டியிடம் போயிருந்தால், கைமாறுவது 7,488. கிரி 4,12,589, ரெட்டி 4,12,915! பதின்மூன்றே பேர்! ஒரு சிற்றூர்ப் பேருந்தின் முன்வரிசைகளிலே அமர்ந்துவிடக்கூடிய பதின்மூன்று பேர், ஒரு பெருநாட்டின் வரலாற்றைத் திருப்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் பார். 1967இல் கழகம் மக்களவையில் வென்றது 25 இடம். 25 முறை 576 என்றால் 14,400. தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 144. நூறு பேர் என்றால் அதுவும் 14,400. அந்த 25 வாக்கு மட்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தால், தில்லியிலே கிரி இல்லை. அண்ணா விட்டுச்சென்ற தென்சென்னைத் தொகுதியின் வாக்கும் அந்த இருபத்தைந்திலே ஒன்று. தெற்கிலே ஒரு மூலையில் கிடக்கும் மாநிலக் கட்சி என்று ஏளனம் செய்யப்பட்ட இயக்கம், தராசின் முள்ளைத் தன் சுண்டுவிரலால் அசைத்த நாள் அது!

ஆருடம் பொய்ப்பது இங்கே மட்டுமா? அமெரிக்காவில் 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற ஏடு, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கருத்துச் சீட்டுகளை எண்ணி, லாண்டன் வெல்வார் என்றது. ரூசுவெல்ட்டு 48 மாநிலங்களில் 46ஐ வாரிக்கொண்டார். 1948இல் சிக்காகோ நாளேடு ஒன்று, டுவீ வென்றார் என்று தலைப்பே அச்சிட்டுவிட்டது. வென்ற ட்ரூமன் அந்த ஏட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பது பெரிதல்ல; யாரைக் கேட்கவில்லை என்பதே பெரிது!

வெற்றிக் கதை சொல்லி உன்னை மகிழ்விப்பதோடு நிறுத்திவிடலாம். நிறுத்த மாட்டேன். கசப்பான இரண்டைச் சொல்லாமல் விட்டால் நான் எழுத்தாளன் அல்லன், ஏமாற்றுக்காரன்.

ஒன்று. அந்தக் கடைசி நாள்களில் ரெட்டியின் தனிவாழ்வை இழித்துரைத்துப் பெயரில்லாத் துண்டறிக்கை ஒன்று உலவியது. தேர்தலை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. குடியரசுத் தலைவராய் இருந்த கிரியே உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வழக்கு 1970இல் தள்ளுபடியாயிற்று. சட்டப்படி கிரி வென்றார். ஆனால் பெயரைப் போட அஞ்சியவன் எழுதிய தாள், எந்த வெற்றிக்கும் அணி அன்று. நம் பக்கம் வெல்ல உதவியிருந்தாலும் அழுக்கு அழுக்குத்தான்! இழிக்கப்பட்ட அந்த ரெட்டியே 1977இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார். அதை 1969இல் எந்தக் கிளி சீட்டெடுத்துச் சொல்லியது?

இரண்டு. கிரியின் வெற்றி அம்மையாரின் வெற்றி. அவ்வாண்டு நவம்பரில் காங்கிரசு பிளந்தது. பெரும்பான்மை இழந்த அவர் ஆட்சியைத் தாங்கிய தோள்களில் கழகத்தின் தோளும் ஒன்று. பிறகு? 1975இல் நெருக்கடி நிலை. 1976 சனவரி 31இல் கழக ஆட்சி கலைப்பு! நம் தோளில் ஏறி நின்றவரின் கையே நம் ஆட்சியைக் கலைத்தது. வெல்வது யார் என்று சரியாகச் சொன்னோம். வென்றபின் என்ன நடக்கும் என்று சொன்னோமா? முதற் கேள்விக்கு விடை நான்கு நாளில் கிடைத்தது. இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்க ஆறரை ஆண்டு ஆயிற்று. விடை தமிழ்நாட்டின் முதுகிலே எழுதப்பட்டது!

அன்று கிரியை ஆதரித்தது பிழையா என்று கேட்பாய். பிழையன்று என்பேன். வங்கியின் கதவு ஏழைக்குத் திறக்க வேண்டும் என்ற கொள்கைக்கு அன்று நாம் செய்ய வேண்டியதைச் செய்தோம். ஆனால் ஆதரவு தரும்போதே, மாநிலத்தின் உரிமைக்கு என்ன உறுதி என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். தராசு முள் நம் விரலில் இருந்தபோது, எடைக்கல்லைப் பார்க்க மறந்தோம்.

எடைக்கல் என்றேன் அல்லவா? அங்கேதான், தோழா, இன்றைய கவலை இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு, மாநில மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிடப்படுவது. 1976இல் 42ஆம் திருத்தம், 1971 கணக்கெடுப்பையே அளவாக நிறுத்தியது. 2001இன் 84ஆம் திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அதை நீட்டித்தது. அந்த அளவின்படி 2022இல் தமிழ்நாட்டு உறுப்பினரின் வாக்கு 176. உத்தரப் பிரதேச உறுப்பினரின் வாக்கு 208. மொத்தத்தில் நமக்கு 41,184; அவர்களுக்கு 83,824. ஏறத்தாழப் பாதி. 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டுப் பார்! நமக்கு 308, அவர்களுக்கு 496. மொத்தம் 72,072க்கு எதிரே 1,99,888. பாதி அல்ல, மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடி என்றார்கள், கடைப்பிடித்தோம். பெண்ணைப் படிக்க வை என்றார்கள், படிக்க வைத்தோம். பரிசு என்ன? வாக்கின் எடை குறைவதா? 1969இல் பதின்மூவர் எடை நாட்டின் போக்கையே முடிவு செய்தது என்றால், ஒரு மாநிலத்தின் எடை குறைவது சின்னச் செய்தியா?

"யார் ஜெயிப்பாங்க?" என்று கேட்ட அந்த இளைஞர்களிடம் நான் இதைத்தான் சொன்னேன். அவர்களில் ஒருவன், தேநீர்க் கடைக்காரரின் பழைய நாள்காட்டித் தாளைக் கிழித்து வாங்கி, 234ஐ 176ஆல் பெருக்கத் தொடங்கினான். விடை சரியாய் வந்ததும் முகத்திலே ஒரு வெளிச்சம். அடுத்த கணக்கைப் போட்டதும் அந்த முகத்திலே ஒரு சினம். எனக்கு அந்தச் சினம் போதும்!

தோழா! எண்ணுமுன் எண்ணுவது தவறன்று. ஆனால் நாற்காலி யாருக்கு என்று மட்டும் எண்ணாதே. நாற்காலியில் அமர்ந்தவன் நாளை நமக்கு என்ன செய்வான் என்றும் எண்ணு. அவனை அமர்த்தும் தராசிலே நம் எடை என்ன என்றும் எண்ணு. ஆருடம் கேட்கும் வாயை மூடு, பென்சிலை எடு, உன் தெருவிலே பத்துப் பேருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடு.

அடுத்த கூட்டத்திற்கு நந்தனம் வழியாகத்தான் வருவேன். அந்தத் தேநீர்க் கடையிலே உன் கணக்கைக் காட்டு!