மண்ணை முகரும் தாய்மார்

இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து மண்ணுக்குள் இறக்குகிறாள் ஒரு தாய். வெளியே உருவி, நுனியை மூக்கருகே கொண்டுபோகிறாள். பிண வாடை அடித்தால் அங்கே தோண்ட வேண்டும். இல்லாவிட்டால் சற்றுத் தள்ளி மறுபடியும் கம்பி இறங்கும். மெக்சிகோவில் காணாமல்போன பிள்ளைகளைப் பெற்றவர்கள் இப்படித்தான் தேடுகிறார்கள். அரசு தேடவில்லை; அதனால் கம்பியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

2006 டிசம்பரில் அதிபர் ஃபெலிப்பே கால்டரோன், போதைக் கும்பல்களை ஒழிக்கப் போவதாகச் சொல்லித் தம் சொந்த மாநிலமான மிச்சோகானுக்கு 6,500 படையினரை அனுப்பினார். அதன்பின் அந்த நாட்டில் கொலையுண்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். காணாமல்போனோர் பதிவேட்டில் 1,20,000-க்கும் அதிகமான பெயர்கள். அடையாளம் தெரியாத உடல்களோ 50,000-ஐத் தாண்டிவிட்டன.

2025 மார்ச்சில் ஹாலிஸ்கோ மாநிலத்துப் பண்ணை ஒன்றுக்குள் தேடும் குடும்பங்கள் நுழைந்தன. நூற்றுக்கணக்கான காலணிகள், துணிகள், முதுகுப்பைகள், எரிந்த எலும்புத் துண்டுகள். வேலை தருவதாக விளம்பரம் செய்து இளைஞர்களை வரவழைத்துக் கும்பலில் சேர்க்கும் இடம் அது என்கிறார்கள். முந்தைய செப்டம்பரிலேயே தேசியக் காவல்படை அங்கே போய்ச் சிலரைக் கைதுசெய்து திரும்பியிருந்தது. இத்தனையும் அவர்கள் கண்ணில் படவில்லையா?

தலைவனைப் பிடித்தால் கும்பல் சாகும் என்பது போதைக் கும்பல்களுக்கு எதிரான இந்தப் போரின் கணக்கு. பிடித்தபோதெல்லாம் கும்பல் உடைந்து பெருகியதே மிச்சம். எல்லை தாண்டிச் சரக்கு அனுப்ப வலுவில்லாத சிறு கும்பல்கள் உள்ளூர் மக்கள் மடியில் கைவைத்தன. அதே மிச்சோகானில் இன்று எலுமிச்சை விவசாயி கிலோவுக்கு இவ்வளவு என்று மாமூல் கட்டுகிறார். 2024-இல் பழம் கட்டும் கூடங்களே மூடப்பட்டன. மாமூலை எதிர்த்துப் பேசிய விவசாயிகள் சங்கத் தலைவர் 2025 அக்டோபரில் கொல்லப்பட்டார். சந்தையில் பழம் வாங்கும் ஏழையும் தன்னை அறியாமல் அந்த மாமூலில் பங்கு கொடுக்கிறார்.

போரை நடத்தியவர்களின் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். கால்டரோன் அரசில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஹெனாரோ கார்சியா லூனா, சினலோவா போதைக் கும்பலிடம் லஞ்சம் வாங்கியவர் என்று 2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டது. 38 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை. இந்தப் போருக்கு அமெரிக்கா கொடுத்த உதவி 300 கோடி டாலருக்கு மேல். மெக்சிகோவில் பிடிபட்டு மூலம் கண்டறியப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பகுதி வந்ததும் அமெரிக்காவிலிருந்துதான்.

இப்போது மறுபடியும் படை என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் மெக்சிகோவின் ஆறு கும்பல்களைப் பயங்கரவாத அமைப்புகளாக அறிவித்த வாஷிங்டன், தேவைப்பட்டால் தாக்குவோம் என்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பார்த்த பிறகுமா? சுட்டுத் தள்ளினால் சரியாகிவிடும் என்று நம் ஊரிலும் பேசுகிறவர்கள் காணாமல்போனோரின் அந்தப் பதிவேட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எல்லையில் துப்பாக்கியைத் தடுங்கள். கும்பலின் பணம் போகும் வங்கிக் கணக்குகளை முடக்குங்கள். பிணவறைகளில் கிடக்கும் உடல்களுக்குப் பெயர் கண்டுபிடிக்க ஆய்வகமும் ஆளும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கம்பியோடு அலையும் அந்தத் தாய்மாருக்குக் காவல் கொடுங்கள். பிள்ளையைத் தேடப் போன தாய்மாரில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.